வினையூக்க வேதியியலின் முன்னோடி பால் சபாட்டியர்

தமிழ்த்துறையின் மலரில் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். எத்துறை அறிவாயினும் அது தமிழில் சொல்லப்படும்போது தமிழும் வளர்கிறது, அவ்வறிவும் நமதாகிறது என்பதே நம் விடை. மேலும், நாம் இங்கே எடுத்துக்கொண்ட அறிஞரின் வாழ்வு வேதியியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தலைநகரின் பெருமையை நாடாமல், தாம் பணியாற்றிய ஊரிலேயே இருந்து உலகறிந்த ஆய்வினைச் செய்து முடித்தவர் அவர். நம்மைப் போன்ற கல்லூரிகளில் கற்போரும் கற்பிப்போரும் அறிய வேண்டிய வரலாறு அது. அவ்வரலாற்றில் ஒளியும் உண்டு. சிறிது நிழலும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் கூறுவதே அறிஞர்க்குச் செய்யும் மரியாதை என்று நாம் எண்ணுகிறோம்.

அவர் பெயர் பால் சபாட்டியர். பிரெஞ்சு ஒலிப்பில் சபாத்தியே என்பர். நம் பாடநூல்களில் சபாட்டியர் என்றே வழங்குவதால் நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

இளமையும் கல்வியும்

பிரான்சின் தென்பகுதியில் பழைய கோட்டை மதில்களால் புகழ்பெற்ற கார்க்கசோன் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1854ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சபாட்டியர் பிறந்தார். சொந்த ஊரிலும் அருகிலுள்ள துலூஸ் நகரிலும் பள்ளிக் கல்வி பெற்றார். 1874இல் பாரிசு நகரின் எக்கோல் நார்மல் சுப்பீரியர் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். நாட்டின் சிறந்த ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. மூன்றாண்டுகள் கழித்து, 1877இல், இயற்பியலில் முதல் இடம் பெற்றுத் தேறினார்.

படிப்பை முடித்ததும் நீம் என்னும் ஊரின் பள்ளியில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். பின்னர் 1878இல் அக்காலத்துப் பிரெஞ்சு வேதியியலின் பெருந்தலைவராக விளங்கிய மார்செலின் பெர்த்தலோவிடம், கொலேஜ் த பிரான்ஸ் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். உலோகங்களும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் சல்பைடுகளின் வெப்ப வேதியியலை ஆராய்ந்து 1880இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின் அவர் பாரிசிலேயே தங்கவில்லை. போர்தோ நகரில் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றிவிட்டு 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் துலூசுக்கு வந்தார். கரோன் ஆற்றங்கரையில், இளஞ்சிவப்புச் செங்கற்களால் எழுந்த கட்டடங்கள் நிறைந்த நகரம் அது. முதலில் இயற்பியல் கற்பித்தார். பேராசிரியர் பதவிக்குரிய முப்பது வயது நிரம்பியதும் 1884இல் வேதியியல் பேராசிரியரானார். அன்று தொடங்கி 1941இல் இறக்கும் வரை அந்நகரை விட்டு அவர் நீங்கவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓரூரில், ஒரு துறையில், ஒரு நோக்கோடு வாழ்ந்தார் என்பதை நாம் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

அவருக்கு நான்கு பெண் மக்கள். 1898இல் அவருடைய துணைவியார் காலமானார். அவருடைய ஆய்வு வாழ்வின் தலையாய கண்டுபிடிப்புகள் எல்லாம் அத்துயரை ஒட்டிய ஆண்டுகளிலேயே நிகழ்ந்தன. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாத இயல்பினர். கலையிலும் தோட்டக்கலையிலும் ஈடுபாடு கொண்டவர். ஆயினும் வகுப்பறையில் அவர் உரை தெளிவானது என்று பெயர்பெற்றது.

வினையூக்கி என்னும் புதிர்

சபாட்டியரின் பணியை அறிய வேண்டுமாயின் வினையூக்கி என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். இரு பொருள்கள் கூடி ஒரு புதுப்பொருள் ஆவது வேதிவினை. சில வினைகள் தாமாக நிகழ்வதில்லை. நிகழ்ந்தாலும் மிக மெல்ல நிகழும். அவ்விடத்தில் மூன்றாவது பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் வினை விரைந்து நடக்கிறது. முடிவில் அம்மூன்றாம் பொருள் செலவாகாமல் எஞ்சி நிற்கிறது. இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கி, சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் 1835இல் இதற்கு வினையூக்கம் என்னும் பொருளில் ஒரு பெயரைச் சூட்டினார்.

பெயர் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் நுண்தூள் சில வாயுக்களைச் சேர்த்து வைக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. 1874இல் பிளாட்டினத் தூளின் உதவியால் அசிட்டிலீன், எத்திலீன் ஆகியவற்றில் ஹைட்ரஜனை ஏற்றியும் காட்டினர். ஆனால் அவை தனித்தனிச் செய்திகளாகவே கிடந்தன. உலோகத்தின் நுண்துளைகளில் வாயுக்கள் நெருக்கப்பட்டு வெப்பமடைவதால்தான் வினை விரைகிறது என்று பலர் கருதினர். அதாவது, வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாமல் வெறும் இடம் மட்டும் கொடுக்கிறது என்பது அவர்தம் எண்ணம்.

நம் வகுப்பறைகளில் வினையூக்கியைத் திருமணத் தரகருக்கு ஒப்பிடுவது வழக்கம். தரகர் மணமக்களைச் சேர்த்துவைத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்கிறார். உவமை எளிமையானதுதான். ஆனால் தரகர் என்ன செய்து சேர்த்துவைக்கிறார் என்பதை அது கூறுவதில்லை. சபாட்டியரின் வாழ்நாள் வினா அதுவே.

கரிம உலோகச் சேர்மத்திலிருந்து ஒரு தொடக்கம்

1890இல் இங்கிலாந்தில் லுட்விக் மாண்டு என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நுண்தூளாக்கிய நிக்கலின் மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால், அவ்வுலோகம் வாயுவுடன் சேர்ந்து, 43 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும் நீர்மம் ஒன்றாக மாறுகிறது. அதுவே நிக்கல் கார்பனைல். கனமான ஓர் உலோகம் ஆவியாகிப் பறப்பது அக்காலத்தார்க்கு நம்பற்கரியதாக இருந்தது. சேர்மத்தை மேலும் சூடேற்றினால் வாயு பிரிந்து தூய நிக்கல் மீண்டும் கிடைத்தது.

இச்செய்தியைப் படித்தவர் பலர். அதிலிருந்து ஒரு புதிய வினாவை எழுப்பியவர் சபாட்டியர். கார்பன் மோனாக்சைடு நிறைவுறாத ஒரு மூலக்கூறு. அது நிக்கலோடு இணைகிறது என்றால், அதைப்போன்று நிறைவுறாத பிற வாயுக்களும் உலோகங்களோடு இணைய வேண்டுமல்லவா? இவ்வெண்ணத்தோடு அவர் நைட்ரஜனின் ஆக்சைடுகளை எடுத்துக்கொண்டு, செம்பு முதலிய உலோகங்களின் மீது செலுத்தி ஆராய்ந்தார். இம்முயற்சியில் அவருக்குத் துணையாக அமைந்தவர் ழான் பத்தீஸ்த் செண்டரென்ஸ் என்னும் கிறித்தவக் குரு. 1856இல் பிறந்த செண்டரென்ஸ், துலூசின் கத்தோலிக்க நிறுவனத்தில் வேதியியல் கற்பித்துவந்தார். அரசுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் சமய நிறுவனத்து ஆசிரியரும் ஒரே ஆய்வு மேசையில் கைகோத்து நின்றனர். சமய நிறுவனங்களுக்கும் அரசுக்கும் கடும் பிணக்கு நிலவிய பிரான்சில் இவ்வொற்றுமை சிறிய செய்தியன்று.

ஒரு கடிதத்தின் பெருமை

1896இல் பாரிசு நகரில் ஆன்றி முவாசானும் மூரே என்பவரும் ஓர் ஆய்வு செய்தனர். புதிதாக ஒடுக்கப்பட்ட நிக்கலின் மீது அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தியபோது உலோகம் ஒளிவிட்டுக் கனன்றது, கரி படிந்தது, ஹைட்ரஜனும் பென்சீன் முதலிய நீர்மங்களும் வெளிப்பட்டன. வாயு உலோகத்தின் நுண்துளைகளில் உறிஞ்சப்படுவதால் எழும் வெப்பமே இதற்குக் காரணம் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

சபாட்டியருக்கு அம்முடிவு உடன்பாடாகவில்லை. அங்கே நிக்கலும் அசிட்டிலீனும் வேதியியல் முறையில் இணைந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால் அவர் உடனே ஆய்வில் இறங்கிவிடவில்லை. தாங்கள் அவ்வாய்வைத் தொடரப் போகிறீர்களா என்று முவாசானுக்கு எழுதிக் கேட்டார். தொடரும் எண்ணம் இல்லை என்று விடை வந்த பின்னரே தம் பணியைத் தொடங்கினார். பிறர் உழுத நிலத்தில் அவர் இசைவின்றி விதைக்கக் கூடாது என்னும் இந்நாகரிகம் நம் ஆய்வு மாணவர்கள் கருத்தில் இருத்த வேண்டிய ஒன்றாகும்.

1897இல் சபாட்டியரும் செண்டரென்சும் அசிட்டிலீனுக்குப் பதிலாக எத்திலீனை எடுத்துக்கொண்டனர். ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில் இருந்த நிக்கலின் மீது அதைச் செலுத்தினர். நிக்கல் கனன்றது, கரி படிந்தது. வெளிவந்த வாயுவைச் சேகரித்துப் பகுத்துப் பார்த்தனர். அது பெரும்பகுதி ஹைட்ரஜனாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதில் மிகுந்திருந்தது ஈத்தேன்.

இதன் பொருள் யாது? எத்திலீனின் ஒரு பகுதி சிதைந்து கரியும் ஹைட்ரஜனும் ஆயிற்று. அந்த ஹைட்ரஜனை எஞ்சிய எத்திலீன் ஏற்றுக்கொண்டு ஈத்தேனாக மாறிற்று. சேர்த்துவைத்தது நிக்கல். அப்படியானால் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் கலந்தே நிக்கலின் மீது செலுத்தினால் என்ன? செய்து பார்த்தனர். மிகக் குறைந்த வெப்பத்திலேயே, கரி படியாமல், ஈத்தேன் உண்டாயிற்று. விலைமதிப்பற்ற பிளாட்டினம் செய்த பணியை மலிவான நிக்கல் செய்தது. எதிர்பார்த்த விடை கிடைக்காதபோது, கிடைத்த விடையை ஊன்றி நோக்கிய அறிவே இக்கண்டுபிடிப்பின் தாய் எனலாம்.

கதவுகள் திறந்தன

அடுத்த சில ஆண்டுகளில் இம்முறையின் எல்லை விரிந்துகொண்டே சென்றது. கருவியோ மிக எளியது. ஒரு கண்ணாடிக் குழாய். அதில் நிக்கல் ஆக்சைடு. அதன் மீது ஹைட்ரஜனைச் செலுத்திச் சூடேற்றினால் நுண்ணிய நிக்கல் தூள் கிடைக்கும். பின்னர் ஆய்வுக்குரிய பொருளின் ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து அதன் வழியே விடவேண்டும். மறுமுனையில் விளைபொருள் வெளிவரும்.

1901இல் பென்சீனை இவ்வழியே செலுத்தினர். பென்சீன் வளையம் எளிதில் ஹைட்ரஜனை ஏற்காதது; பழைய முறைகள் அதனிடம் தோற்றிருந்தன. 180 பாகை அளவில் நிக்கலின் மீது சென்ற பென்சீன், சைக்ளோஹெக்சேனாக மாறி வெளிவந்தது. அதே காலப்பகுதியில் நைட்ரோபென்சீனைச் செம்பின் மீது செலுத்தி, சாயத் தொழிலுக்கு இன்றியமையாத அனிலீனைப் பெற்றனர். 1902இல் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு ஆகிய வாயுக்களை ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேன் ஆக்கினர். ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடும் நான்கு பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஒரு பங்கு மீத்தேனும் இரண்டு பங்கு நீரும் கிடைக்கும்.

ஹைட்ரஜனை ஏற்றும் உலோகம் அதை இறக்கவும் வல்லது என்பதையும் சபாட்டியர் காட்டினார். ஆல்கஹாலின் ஆவியைச் சூடான செம்பின் மீது செலுத்தினால் ஹைட்ரஜன் நீங்கி ஆல்டிஹைடு அல்லது கீட்டோன் உண்டாகிறது. பின்னர் தம் மாணவர் அல்போன்ஸ் மாயில் என்பவருடன் சேர்ந்து, தோரியம் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு போன்றவை ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனுக்குப் பதிலாக நீரை நீக்குவதையும் விரிவாக ஆராய்ந்தார். ஒரே பொருள், வேறுவேறு வினையூக்கியின் மீது, வேறுவேறு பொருளாகிறது. வினையூக்கி விரைவுபடுத்துவதோடு நில்லாமல் வழியையும் தெரிவு செய்கிறது என்னும் பேருண்மை இதனால் விளங்கிற்று.

இவ்வாய்வு எளிதில் கைகூடியதன்று. கந்தகம், குளோரின், ஆர்செனிக் போன்றவை மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் நிக்கல் செயலிழந்துவிடும். நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பென்சீனில் தயோஃபீன் என்னும் கந்தகச் சேர்மம் ஒளிந்திருக்கும். அதை முற்றாக நீக்காமல் ஆய்வு வெற்றி பெறாது. வினையூக்கிக்கும் நஞ்சு உண்டு என்பதைப் பலமுறை பட்டறிந்தே அவர்கள் கற்றனர்.

சபாட்டியரின் கொள்கை

தரகர் என்ன செய்கிறார் என்னும் வினாவுக்குச் சபாட்டியர் தந்த விடை இதுதான். வினையூக்கி விலகி நிற்பதில்லை. அது வினைபடுபொருளோடு தற்காலிகமாக இணைந்து, நிலையில்லாத ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. நிக்கல் ஹைட்ரஜனை ஏற்று ஹைட்ரைடு ஆகிறது. அந்த ஹைட்ரைடு தன்னிடமுள்ள ஹைட்ரஜனை எத்திலீனுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நிக்கலாகிறது. மறுபடியும் ஹைட்ரஜனை ஏற்கிறது. இச்சுழற்சி ஓயாது நடைபெறுகிறது.

இவ்விணைப்பு எவ்வளவு வலியதாக இருத்தல் வேண்டும் என்பதில்தான் நுட்பம் உள்ளது. இணைப்பு மிக மெலிந்ததாயின் வினைபடுபொருள் உலோகத்தில் தங்காது, வினையே நிகழாது. மிக வலியதாயின் வந்த பொருள் உலோகத்தை விட்டு நீங்காது, உலோகம் அடைபட்டுப்போகும். மிகாமலும் குறையாமலும் அமைந்த இணைப்பே சிறந்த வினையூக்கத்தைத் தரும். பிற்காலத்தில் இக்கருத்து சபாட்டியர் கோட்பாடு என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. புதிய வினையூக்கிகளைத் தேடுவோர் இன்றும் இதனை வழிகாட்டியாகக் கொள்கின்றனர். உலோகத்தின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் எவ்வாறு ஒட்டுகின்றன என்பது பிற்காலக் கருவிகளால் நுண்ணிதாக ஆராயப்பட்டபோது, அவர் கூறிய ஹைட்ரைடு முதலியவற்றின் அமைப்பில் திருத்தங்கள் வேண்டியிருந்தன. ஆயினும் வினையூக்கி வினையில் பங்குகொள்கிறது என்னும் அவர்தம் அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

தம் ஆய்வுகளையும் பிறர் ஆய்வுகளையும் தொகுத்து, கரிம வேதியியலில் வினையூக்கம் பற்றிய பெருநூல் ஒன்றை 1913இல் அவர் வெளியிட்டார். அது பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

பாரிசின் அழைப்பும் துலூசின் பிணைப்பும்

1907ஆம் ஆண்டு பிப்ரவரியில் முவாசான் மறைந்தார். அடுத்த மாதமே பெர்த்தலோவும் மறைந்தார். பிரெஞ்சு வேதியியலின் இரு பெரும் இருக்கைகள் வெற்றிடமாயின. சோர்போன் பல்கலைக்கழகத்தில் முவாசானின் இடத்துக்கும், கொலேஜ் த பிரான்சில் தம் ஆசானாகிய பெர்த்தலோவின் இடத்துக்கும் சபாட்டியர் அழைக்கப்பட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அறிஞர் இதைவிட உயர்ந்த அழைப்பை எதிர்பார்க்க இயலாது. சபாட்டியர் மறுத்துவிட்டார்.

அம்மறுப்பு வெறும் ஊர்ப்பற்று அன்று. 1905 முதல் அவர் துலூஸ் அறிவியல் புலத்தின் தலைவராக இருந்தார். 1929 வரை அப்பொறுப்பை வகித்தார். வேதியியல், மின்பொறியியல், வேளாண்மை ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறுவனங்கள் அங்கே எழுந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அறிவெல்லாம் தலைநகரில் குவிந்து கிடக்க, பிற ஊர்கள் வறண்டு கிடக்கும் நிலை மாற வேண்டும் என்றால், யாரேனும் ஒருவர் போகாமல் இருந்தாக வேண்டும். அவ்வொருவராக அவர் இருந்தார்.

இதற்கு அவர் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினராக விரும்புவோர் பாரிசிலேயே வாழ்தல் வேண்டும் என்பது பழைய விதி. 1901 முதல் அவர் அக்கழகத்தின் தொடர்பு உறுப்பினராக மட்டுமே இருக்க முடிந்தது. 1912இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு, பாரிசுக்கு வெளியே வாழ்வோர்க்கெனக் கழகம் ஒரு தனிப்பிரிவை ஏற்படுத்தியது. அப்பிரிவுக்கு முதலில் தெரிவு செய்யப்பட்டவர் சபாட்டியர். அவர் பாரிசுக்குச் செல்லவில்லை. பாரிசின் விதி மாறிற்று.

பரிசும் ஒரு மனக்குறையும்

1912ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு இருவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நுண்தூளாக்கிய உலோகங்களின் முன்னிலையில் கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனை ஏற்றும் முறைக்காகச் சபாட்டியருக்கு ஒரு பாதி. மக்னீசியத்தைக் கொண்டு உருவாக்கிய கரிம உலோக வினைப்பொருளுக்காக விக்டர் கிரின்யாருக்கு மறுபாதி. நம் மாணவர்கள் கிரிக்னார்டு வினைப்பொருள் என்று படிப்பது இதைத்தான். அப்போது கிரின்யார் நான்சி நகரில் பணியாற்றிவந்தார். இருவருமே பாரிசுக்கு வெளியே இருந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் செண்டரென்ஸ் எங்கே? எத்திலீன், பென்சீன், மீத்தேன் ஆகிய முதன்மையான ஆய்வுகள் அனைத்தும் சபாட்டியர், செண்டரென்ஸ் ஆகிய இருவர் பெயராலும் வெளிவந்தவை. பரிசோ ஒருவர்க்கே சென்றது. செண்டரென்ஸ் இதனால் வருந்தினார். தாம் வெறும் உதவியாளர் அல்லர், உடனாய்வாளர் என்று உணர்ந்திருந்தார். பரிசைப் பகிர்ந்துகொண்ட கிரின்யாரே இதை நேரியது என்று கருதவில்லை. சபாட்டியருடன் செண்டரென்சும், தம்முடன் தம் ஆசான் பார்பியேவும் பரிசு பெற்றிருக்க வேண்டும் என்னும் பொருள்பட நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. வழிகாட்டிய எண்ணம் சபாட்டியருடையது என்பதிலும், செண்டரென்ஸ் விலகிய பின்னரும் பல்லாண்டுகள் அவ்வெண்ணத்தை வளர்த்தவர் அவரே என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் குழாயின் முன் நின்று உழைத்த கைகள் நான்கு. உடனுழைத்தவரின் பெயர் மறக்கப்படும்போது அறிவின் வரலாறு அவ்வளவுக்குக் குறைபடுகிறது. செண்டரென்ஸ் 1937இல் மறைந்தார். வேதியியல் உலகம் அவரை முற்றும் மறந்துவிடவில்லை. நிறைவுறாத சேர்மங்களில் நிக்கலைக் கொண்டு ஹைட்ரஜனை ஏற்றும் முறை சபாட்டியர் செண்டரென்ஸ் வினை என்றே வழங்குகிறது. வருந்தத்தக்க செய்தி என்னவெனில், நம் நாட்டுப் பாடநூல்கள் சிலவற்றில் அவர் பெயர் சாண்டர்சன் என்று பிழைபட அச்சாகியுள்ளது. எஞ்சிய ஒரு நினைவுச் சின்னத்தையாவது பிழையின்றிக் காப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.

சமையலறை முதல் விண்வெளி வரை

சபாட்டியரின் ஆய்வு ஆவிகளைப் பற்றியது. நீர்ம எண்ணெயிலேயே நிக்கல் தூளைக் கலந்து ஹைட்ரஜனை ஏற்றும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். அதனால் நீர்ம எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக்கும் தொழில் உலகெங்கும் பெருகிற்று. நம் நாட்டில் 1937இல் டால்டா என்னும் பெயரில் வனஸ்பதி விற்பனைக்கு வந்தது. நெய்க்கு மாற்றாக நம் இல்லங்களிலும் விருந்துகளிலும் அது இடம்பெற்றதை மூத்தோர் அறிவர். துலூசின் கண்ணாடிக் குழாயில் தொடங்கிய வேதியியல் நம் அடுப்படி வரை வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் முழுமையாக ஏறாத கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு என்னும் வகை உண்டாகிறது. அது இதய நோய்க்குக் காரணமாகிறது என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று. தொழிற்சாலைகளில் உண்டாகும் அவ்வகைக் கொழுப்பை உணவிலிருந்து நீக்குமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் நாடுகளை வேண்டிக்கொண்டது. இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அறிவியல் தந்ததை அறிவியலே ஆராய்ந்து திருத்திக்கொள்கிறது. இது அதன் குறையன்று. அதன் சிறப்பே ஆகும்.

1902இல் கண்ட மீத்தேன் வினையோ நூறாண்டு கடந்தபின் வானில் பயன்பட்டது. விண்வெளி நிலையத்தில் தங்குவோர் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்து நீராக்கும் கருவி ஒன்று 2010இல் அங்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வினை சபாட்டியர் வினை என்றே அழைக்கப்படுகிறது. நீர் அரிதான இடத்தில் மனிதன் விடும் மூச்சிலிருந்தே நீரைப் பெறுவதற்கு அவர் கண்ட வழி உதவிற்று.

நிறைவாக

சபாட்டியர் 1930இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் விரிவுரை ஆற்றிவந்தார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில், துலூசிலேயே காலமானார். 1969இல் அந்நகரில் உருவான பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எந்த ஊரை விட்டுப் போக மறுத்தாரோ அவ்வூரே அவர் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது.

பெரிய நகரத்தில் இருந்தால்தான் பெரிய பணி செய்ய முடியும் என்று எண்ணி மயங்கும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. கருவி இல்லை, வசதி இல்லை, வாய்ப்பு இல்லை என்று சோர்வோரும் உண்டு. சபாட்டியருக்கு ஒரு கண்ணாடிக் குழாயும், சிறிது நிக்கலும், விடாத ஒரு வினாவும் போதுமானவையாக இருந்தன. எதிர்பாராத விடையை அவர் தள்ளிவிடவில்லை. பிறர் தொடங்கியதை அவரிடம் கேட்டுத் தொடர்ந்தார். இவை மூன்றும் எந்தக் கல்லூரியிலும் எந்த மாணவருக்கும் இயலக்கூடியவை.

அவர் வாழ்வில் நாம் கண்ட அந்த ஒரு மனக்குறையும் நமக்குப் பாடமாகுக. உடன் உழைத்தவரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் சிறு ஆய்வேட்டிலிருந்தே தொடங்கட்டும். அவ்வாறு தொடங்குமாயின், சபாட்டியரை மட்டுமன்றிச் செண்டரென்சையும் நாம் போற்றியவர்கள் ஆவோம்.